மெட்ராஸ் டு பாஸ்டன்: மார்பகப் புற்றுநோய் மருந்துகளுக்கு வழி திறந்த எல்லப்பிரகட சுப்பாராவ் யார்?

உங்க வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை ஞாபகம் இருக்கா? அதில் ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருக்கும். யானைக்கால் நோய் வராமல் இருக்க, வீடு வீடாக வந்து கண் முன்னாடியே விழுங்கச் சொல்லும் மாத்திரை? அதன் பெயர் டைஎத்தில்கார்பமசைன். மூட்டுவாத நோயாளிகள் வாரத்துக்கு ஒருமுறை மட்டும் சாப்பிடும் மாத்திரை? அது மெத்தோட்ரெக்ஸேட்.

இந்த மூன்றுமே ஒரே ஆய்வுக்கூடத்தில் இருந்து வந்தவை. அந்த ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சிப் பிரிவை நடத்தியவர், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்து, முழு மருத்துவப் பட்டம்கூட கிடைக்காமல் வெளியே வந்த ஒருவர். பெயர் எல்லப்பிரகட சுப்பாராவ்.

மார்பகப் புற்றுநோய்க்குப் புதிய மருந்து, புதிய ஊசி என்று செய்திகள் அடிக்கடி வருகின்றன. அந்த மருந்துகள் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருந்தது. கத்தி வைக்காமல், வெறும் மருந்தால் புற்றுநோயைச் சுருக்க முடியுமா? முடியும் என்று முதலில் காட்டியவற்றில் ஒன்று சுப்பாராவ் குழு தயாரித்த மருந்து. ஆனா, அது மார்பகப் புற்றுநோய்க்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் உயிரோடு இல்லை.

மூன்றாவது முயற்சியில் பாஸ்

சுப்பாராவ் 1895 ஜனவரி 12 அன்று பீமவரத்தில் பிறந்தார். இன்று ஆந்திராவில் இருக்கும் அந்த ஊர் அப்போது மெட்ராஸ் மாகாணத்தில் இருந்தது. அப்பா வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். உடல்நலக் குறைவால் சீக்கிரமே ஓய்வு பெற வேண்டிவர, குடும்பம் கஷ்டத்தில் விழுந்தது.

சிறுவனாக இருந்தபோது பணம் சம்பாதிக்கிறேன் என்று காசிக்குப் போக வீட்டை விட்டு ஓடியிருக்கிறார். அங்கே வரும் யாத்ரீகர்களுக்குப் பழம் விற்பதுதான் பிளான். அம்மா பிடித்துக் கொண்டுவந்து மறுபடியும் பள்ளிக்கூடத்தில் போட்டார்.

படிப்பும் சுலபமாக வரவில்லை. மெட்ரிகுலேஷன் தேர்வை மூன்றாவது முயற்சியில்தான் பாஸ் செய்தார். அதுவும் சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பிறகு. அடுத்து மாநிலக் கல்லூரி. அதன் பிறகு மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி. செலவுக்கு நண்பர்களும், பின்னாளில் மாமனாரான கஸ்தூரி சூர்யநாராயண மூர்த்தியும் கைகொடுத்தார்கள்.

கதர் சட்டையும் கைநழுவிய பட்டமும்

அது காந்தியின் அந்நியத் துணி பகிஷ்கரிப்புக் காலம். சுப்பாராவ் அறுவை சிகிச்சை வகுப்புக்கும் கதரில் தைத்த உடுப்போடு போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு இது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாக எழுதியும் சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். தரப்படவில்லை. அதைவிடக் கீழ்நிலையில் இருந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது.

மெட்ராஸ் மருத்துவப் பணியில் சேர முயன்றார். இடம் கிடைக்கவில்லை. டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் போனார்.

இந்தக் காலகட்டத்தில் வீட்டில் பெரிய இடி. அவருடைய சகோதரர்கள் இருவர் ஸ்ப்ரூ என்ற நோயால் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். வெப்பமண்டல நாடுகளில் வரும் குடல் நோய் இது. சாப்பாட்டில் இருக்கும் சத்தைக் குடல் உறிஞ்சாது. ஆள் வெளுத்து, மெலிந்து, ரத்தசோகை முற்றிப்போகும். அன்றைக்கு அதற்கு மருந்து கிடையாது.

இந்த ஸ்ப்ரூவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் மறுபடியும் வரும்.

ஹார்வர்டில் பகல், ஆஸ்பத்திரியில் இரவு

காக்கிநாடாவில் இருந்த ஓர் அறக்கட்டளை உதவ முன்வந்தது. மாமனாரும் பணம் திரட்டிக் கொடுத்தார். 1923 அக்டோபரில் சுப்பாராவ் பாஸ்டன் போய் இறங்கினார். ஹார்வர்டின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். மனைவி சேஷகிரி ஊரிலேயே இருந்தார். இருவரும் அதன் பிறகு சந்திக்கவே இல்லை. சுப்பாராவ் ஒருமுறைகூட இந்தியா திரும்பவில்லை.

கையில் இருந்த பணம் போதவில்லை. மெட்ராஸில் மருத்துவம் படித்தவர், பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் இரவு நேரக் கடைநிலை ஊழியராக வேலை பார்த்துத்தான் படிப்பை ஓட்டினார்.

இன்னொரு விஷயம். இந்தியர்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடையாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பகத்சிங் திந்த் வழக்கில் தீர்ப்பு சொன்னதும் அதே 1923-இல்தான். அந்தக் கதவு 1946-இல்தான் திறந்தது. அமெரிக்காவில் 25 வருடம் கழித்த சுப்பாராவ், அந்நாட்டுக் குடிமகன் ஆகாமலேயே இறந்தார்.

மொபைல் பேட்டரி மாதிரி ஒரு மூலக்கூறு

டிப்ளமா முடிந்ததும் ஹார்வர்டின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரிடம் சேர்ந்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் எவ்வளவு பாஸ்பரஸ் இருக்கிறது என்று அளக்க இருவரும் சேர்ந்து 1925-இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். ‘ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை’ என்று பாடப்புத்தகங்களில் வருவது இதுதான். உயிர்வேதியியல் படித்தவர்கள் லேபில் இதைச் செய்திருப்பீர்கள்.

அந்த அளவீட்டு முறைதான் அடுத்த கண்டுபிடிப்புகளுக்கு வழி விட்டது. 1927-இல் தசையில் பாஸ்ஃபோகிரியேட்டின். 1929-இல் ஏ.டி.பி. நம்ம உடம்பின் ஒவ்வொரு செல்லும் சார்ஜ் ஏற்றி, செலவழித்து, மறுபடி ஏற்றும் பேட்டரி போன்ற மூலக்கூறு ஏ.டி.பி. அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமானும் தனியாக இதைக் கண்டறிந்தார். தசை எப்படிச் சுருங்குகிறது என்பதற்கு அதுவரை இருந்த விளக்கத்தையே இந்த ஆய்வுகள் ஆட்டம் காண வைத்தன.

1930-இல் சுப்பாராவுக்கு முனைவர் பட்டம் கிடைத்தது. ஹார்வர்டில் நிரந்தரப் பதவி மட்டும் கிடைக்கவில்லை.

அந்தத் துறையில் அப்போது மாணவராக இருந்தவர் ஜார்ஜ் ஹிட்சிங்ஸ். பின்னாளில், 1988-இல், மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருட்களைப் பல வருடங்கள் கழித்து மற்றவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்றும், ஃபிஸ்க் பொறாமையால் அந்த வேலைகளை வெளியே வரவிடவில்லை என்று தோன்றுவதாகவும் ஹிட்சிங்ஸ் சொல்லியிருக்கிறார்.

கீரையில் இருந்த சத்து

1940-இல் சுப்பாராவ் ஹார்வர்டை விட்டு நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி ஆய்வுக்கூடத்துக்கு மாறினார். சீக்கிரமே ஆராய்ச்சிப் பிரிவின் இயக்குநரானார்.

அங்கே கையில் எடுத்த முக்கியமான வேலை ஃபோலிக் அமிலம். இதற்கு ஒரு இந்தியத் தொடர்பு ஏற்கெனவே உண்டு. 1930-களின் தொடக்கத்தில் பம்பாயில் ஆய்வு செய்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், நெசவாலைகளில் வேலை பார்த்த கர்ப்பிணிகளுக்கு வந்த ரத்தசோகையை ஈஸ்ட் சாறு குணப்படுத்துவதைக் கவனித்தார். அதில் ஏதோ ஒரு சத்து இருக்கிறது என்பது தெரிந்தது. அது என்ன என்பது தெரியவில்லை. 1941-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பசலை வகைக் கீரையில் இருந்து அந்தச் சத்தைப் பிரித்தார்கள். லத்தீனில் இலைக்கு உள்ள சொல்லை வைத்து ‘ஃபோலிக்’ என்று பெயர் வந்தது.

ஆனா டன் கணக்கில் கீரையை அரைத்தால் துளியளவு கிடைக்கும் பொருளை நோயாளிகளுக்கு எப்படிக் கொடுப்பது? வேதியியல் முறையில் செயற்கையாகச் செய்தால்தான் முடியும். லெடர்லியில் சுப்பாராவ் வழிநடத்திய பெரிய குழு 1945-இல் அதைச் சாதித்தது.

ஃபோலிக் அமிலம் எந்த நோய்க்கெல்லாம் வேலை செய்தது தெரியுமா? பட்டியலில் ஒன்று, ஸ்ப்ரூ. சுப்பாராவின் சகோதரர்களைக் கொண்டுபோன அதே நோய். மருந்து வந்தது, சுமார் கால் நூற்றாண்டு தாமதமாக.

ஒரு தவறு, ஒரு திருப்பம்

இப்போதுதான் புற்றுநோய் கதைக்குள் வருகிறது. அதுவும் மார்பகப் புற்றுநோய் வழியாகவே.

நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவமனையில் ஒரு குழு, தானாகவே மார்பகக் கட்டி வந்த எலிகளுக்கு ஃபோலிக் அமில வகைப் பொருளைக் கொடுத்துப் பார்த்தது. சில எலிகளில் கட்டி கரைந்ததாக 1945-இல் அறிவித்தது. அப்போ ஃபோலிக் அமிலம் புற்றுநோயைத் தடுக்குமோ என்ற எதிர்பார்ப்பு கிளம்பியது.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற நோய்க்கூறியல் நிபுணர் இருந்தார். லெடர்லி தயாரித்துத் தந்த ஃபோலிக் அமில வகை மருந்துகளைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். ரத்தப் புற்றுநோய் இருந்த குழந்தைகளில் நடந்தது நேர் எதிர். நோய் அடங்கவில்லை, வேகமெடுத்தது.

இங்கேதான் திருப்பம். ஃபோலிக் அமிலம் கொடுத்தால் புற்றுசெல் வேகமாக வளர்கிறது என்றால், அந்தச் சத்து அதற்குக் கிடைக்காமல் செய்தால்?

போலிச் சாவி எப்படி வேலை செய்கிறது?

ஒரு செல் இரண்டாகப் பிரியணும்னா முதலில் தன் டி.என்.ஏ.வை நகல் எடுக்கணும். அந்த நகலுக்கான மூலப்பொருளைச் செய்ய ஃபோலேட் தேவை. சாப்பாட்டில் வரும் ஃபோலேட்டை, செல்லுக்குள் இருக்கும் ஒரு நொதி பயன்படும் வடிவத்துக்கு மாற்றித் தரும்.

அந்த நொதியை ஒரு பூட்டு என்று வைத்துக்கொள்வோம். ஃபோலேட்தான் சரியான சாவி. சுப்பாராவின் குழு செய்தது, பார்க்க அதே மாதிரி இருக்கும் ஒரு போலிச் சாவி. உள்ளே போகும், திரும்பாது, வெளியேயும் வராது. பூட்டு ஜாம். மூலப்பொருள் இல்லாமல் டி.என்.ஏ. நகல் நிற்கும். வேகமாகப் பிரியும் செல்கள்தான் இதில் அதிகம் மாட்டும். புற்றுசெல் அப்படிப்பட்டது.

பிரச்சினை என்னவென்றால், முடியின் வேர், வாயின் உள்தோல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் உள்ள செல்களும் வேகமாகப் பிரிபவைதான். கீமோ எடுப்பவர்களுக்கு வாய்ப்புண் வருவது, முடி கொட்டுவது, ரத்த அணுக்கள் குறைவது எல்லாம் இதனால்தான்.

லெடர்லியில் டோரிஸ் சீகர் உள்ளிட்ட வேதியியலாளர்கள் இப்படிப்பட்ட போலிச் சாவிகளைத் தயாரித்தார்கள். அவற்றில் ஒன்று அமினோப்டெரின். 1947 டிசம்பர் இறுதியில் ஃபார்பர் அதை ஒரு குழந்தைக்குக் கொடுக்கத் தொடங்கினார். அதுவரை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ இறந்துபோவதுதான் வழக்கம்.

1948 ஜூனில் ஃபார்பரின் கட்டுரை வெளியானது. சிகிச்சை பெற்ற 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. தற்காலிகம்தான். ஆனாலும் மருந்துக்கு இந்த நோய் அசைகிறது என்பதை மருத்துவ உலகம் கண்ணால் பார்த்தது. நவீன கீமோதெரபியின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாக இன்றும் அந்தக் கட்டுரையைச் சொல்கிறார்கள். ஆசிரியர் பட்டியலில் ஐந்து பெயர்கள் இருந்தன. சுப்பாராவ் பெயர் அதில் இல்லை.

கட்டுரை வெளியாகி இரண்டு மாதம் கொஞ்சம் தாண்டியிருந்தது, அவ்வளவுதான். 1948 ஆகஸ்டில் சுப்பாராவ் மாரடைப்பால் இறந்துபோனார். வயது 53.

அவர் பார்க்காத அத்தியாயம்

அமினோப்டெரினின் நெருங்கிய உறவு மருந்து ஒன்றும் அதே லெடர்லி கூடத்தில் தயாரானது. அதுதான் மெத்தோட்ரெக்ஸேட். கையாள்வதற்கு இது கொஞ்சம் பாதுகாப்பானது. அதனால் அமினோப்டெரினின் இடத்தை இது பிடித்தது.

அடுத்து நடந்தவற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

1951: நியூயார்க்கின் ஹார்லெம் மருத்துவமனையில் லூயிஸ் ரைட், அவருடைய மகள் ஜேன் ரைட் ஆகிய இரு கறுப்பின மருத்துவர்களின் குழு, குணமாக்க முடியாது என்று கைவிடப்பட்ட 93 நோயாளிகளிடம் ஃபோலிக் அமில எதிர்ப்பு மருந்துகளைச் சோதித்த முடிவை வெளியிட்டது. மார்பகப் புற்றுநோய் இருந்த சிலருக்குக் கட்டி சுருங்கியது. ரத்தப் புற்றுநோய்க்கு மட்டும்தான் இந்த மருந்து என்ற எண்ணம் உடைந்தது.

1956: மின் சியூ லி, ராய் ஹெர்ட்ஸ் ஆகியோர் நஞ்சுக்கொடியில் இருந்து வளரும் கோரியோகார்சினோமா என்ற புற்றுநோயை மெத்தோட்ரெக்ஸேட்டால் அடக்கிக் காட்டினார்கள். கட்டியாக வளரும் புற்றுநோய் ஒன்று மருந்தால் மட்டுமே குணமானது அதுதான் முதல்முறை.

1976: இத்தாலியின் மிலானில் ஜியான்னி பொனடோனா குழு. மார்பகப் புற்றுநோய் சிகிச்சையைப் புரட்டிப்போட்ட ஆய்வு இது.

அதுவரை மார்பகப் புற்றுநோய் என்றால் பெரிய அறுவை சிகிச்சைதான். மார்பகம், அதன் கீழுள்ள தசை, அக்குள் நிணநீர்க் கட்டிகள் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். அப்படி எடுத்தும் பலருக்கு நோய் திரும்பி வந்தது. கண்ணுக்குத் தெரியாத புற்றுசெல்கள் ஏற்கெனவே உடம்பில் வேறு இடத்துக்குப் போயிருக்கலாம், அதை கத்தியால் பிடிக்க முடியாது என்று சிலர் வாதிட்டார்கள்.

பொனடோனா குழு, நிணநீர்க் கட்டி வரை நோய் பரவியிருந்த பெண்களுக்கு அறுவை சிகிச்சைக்குப் பிறகு சைக்ளோபாஸ்பமைட், மெத்தோட்ரெக்ஸேட், ஃபுளூரோயூராசில் ஆகிய மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தது. மூன்றின் ஆங்கில முதலெழுத்துகளை வைத்து இதை ‘சி.எம்.எஃப்.’ என்பார்கள். இதில் நடுவில் இருக்கும் ‘எம்’, சுப்பாராவின் ஆய்வுக்கூடத்தில் இருந்து வந்தது.

முதல் அறிக்கையில், அறுவை சிகிச்சை மட்டும் செய்துகொண்ட 179 பெண்களில் 24 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியிருந்தது. மருந்தும் எடுத்துக்கொண்ட 207 பேரில் அது 5.3 சதவீதம்தான். 20 வருடம் கழித்துப் பார்த்தபோதும் பலன் நிலைத்திருந்தது. ஆபரேஷன் முடிந்த பிறகும் கீமோ ஏன் தேவை என்று இன்று ஒரு நோயாளி கேட்டால், டாக்டர் சொல்லும் பதிலின் வேர் இந்த ஆய்வில் இருக்கிறது.

இப்போ என்ன மாறியிருக்கு?

இன்றைக்கு மார்பகப் புற்றுநோய்க்கு சி.எம்.எஃப். முதல் தேர்வு இல்லை. அதன் இடத்தை வேறு கீமோ மருந்துகள் பிடித்துவிட்டன. அதைவிடப் பெரிய மாற்றம், மார்பகப் புற்றுநோயை ஒரே நோயாகப் பார்ப்பதையே மருத்துவம் விட்டுவிட்டது. பயாப்ஸி ரிப்போர்ட்டில் எந்த வகை என்று பார்த்துத்தான் மருந்து முடிவாகிறது.

ஹார்மோன் வகை: பாதிக்கும் மேற்பட்டவை இந்த வகைதான். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு வளரும். டமாக்ஸிஃபென் போன்ற மாத்திரைகள் பல காலமாக இருக்கின்றன. 2015 முதல், செல் பிரிவதற்கான சிக்னலை நிறுத்தும் சி.டி.கே. 4/6 தடுப்பான்கள் (பால்போசிக்லிப், ரிபோசிக்லிப், அபெமாசிக்லிப்) வந்து சேர்ந்தன. ஹார்மோன் சிகிச்சைக்குக் கட்டுப்படாமல் மரபணு மாற்றம் அடைந்த கட்டிகளுக்கு எலாசெஸ்ட்ரன்ட் என்ற மாத்திரைக்கு 2023-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

ஹெர்2 வகை: செல்லின் மேல் ஹெர்2 என்ற புரதம் அதிகமாக இருக்கும். ஒருகாலத்தில் வேகமாகப் பரவும், பயமுறுத்தும் வகை. 1998-இல் வந்த ட்ராஸ்டுசுமாப் என்ற எதிர்ப்புரத ஊசி அந்த நிலையை மாற்றியது. 2019-இல் அடுத்த தலைமுறையாக ட்ராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் வந்தது. இது ஒரு கொரியர் பார்சல் மாதிரி. எதிர்ப்புரதம்தான் முகவரி, உள்ளே இருக்கும் பொருள் வீரியமான கீமோ மருந்து. ஹெர்2 கொஞ்சமாகவே இருக்கும் கட்டிகளிலும் இது வேலை செய்வதாக 2022-இல் ஓர் ஆய்வு காட்டியது. அதில் நோய் முற்றாமல் இருந்த காலம், வழக்கமான கீமோவில் சுமார் 5 மாதம். இந்த மருந்தில் சுமார் 10 மாதம்.

டிரிபிள் நெகட்டிவ்: மேலே சொன்ன எந்தப் பிடிமானமும் இல்லாத வகை. இளம் வயதுப் பெண்களுக்கு ஒப்பீட்டளவில் அதிகம் வருகிறது. நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் ஊசியைக் கீமோவோடு சேர்த்து, அறுவை சிகிச்சைக்கு முன்பே கொடுக்கும் முறைக்கு 2021-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு ஒலாபரிப் என்ற மாத்திரையும் இருக்கிறது.

கொஞ்சம் கவனித்தால், புது மருந்துகள் பலவும் பழைய ஐடியாவின் துல்லியமான வடிவங்கள்தான் என்பது தெரியும். செல்லின் ஓர் இயந்திரத்தைக் கண்டுபிடி, அதற்குப் பொருந்தும் மூலக்கூறு ஒன்றைச் செய், இயந்திரத்தை நிறுத்து. சுப்பாராவின் குழு ஃபோலேட் நொதியில் செய்ததும் இதுதான். பார்சல் மருந்துக்குள்ளே உட்கார்ந்திருப்பதும், டி.என்.ஏ. நகலில் கைவைக்கும் கீமோதான்.

அப்போ ஏன் இவரை நமக்குத் தெரியலை?

காரணம் ஒன்று மட்டும் இல்லை. ஹார்வர்டில் அவருடைய வேலையில் ஒரு பகுதி வெளியே வரவில்லை. லெடர்லியில் எல்லாமே குழு வேலை. உலகின் முதல் டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக்கான ஆரியோமைசின் அவர் இயக்குநராக இருந்தபோது அங்கே கிடைத்தது, ஆனா அதைக் கண்டுபிடித்தவர் பெஞ்சமின் டக்கர். அது அப்படித்தான் பதிவாக வேண்டும். 1994-இல் சூரத்தில் பிளேக் பயம் வந்தபோது மக்கள் மருந்துக் கடையில் தேடி அலைந்த டெட்ராசைக்ளின், அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

சுப்பாராவுக்கு விளம்பரத்திலும் ஆர்வம் கிடையாது என்று உடன் வேலை பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அமினோப்டெரின் பேசப்படத் தொடங்கிய சமயத்தில் இறந்தும் போனார். இறந்தவர்களுக்கு நோபல் பரிசுக்கான பரிந்துரை கிடையாது.

அதற்காக எல்லாவற்றையும் இவர் ஒருவரே கண்டுபிடித்தார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதும் சரியில்லை. லூசி வில்ஸ், டோரிஸ் சீகர், ஃபார்பர், ஜேன் ரைட், பொனடோனா என்று பல கைகள் மாறி வந்த கதை இது. அந்தச் சங்கிலியில் சுப்பாராவ் ஒரு கண்ணி. அந்தக் கண்ணி இல்லையென்றால் மருந்து ஃபார்பரின் கைக்கு வந்திருக்காது.

சிறு அங்கீகாரங்கள் உண்டு. ஒரு பூஞ்சை இனத்துக்கு சுப்பாரோமைசஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1995-இல், அவருடைய நூற்றாண்டில், இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது.

இந்தக் கதை இன்றைக்கு ஏன் முக்கியம்?

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை கணக்குப்படி, 2022-இல் இந்தியாவில் சுமார் 1.92 லட்சம் பேருக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே வருடம் சுமார் 98 ஆயிரம் பேர் இந்த நோயால் இறந்தார்கள். கிட்டத்தட்ட இரண்டுக்கு ஒன்று. பணக்கார நாடுகளில் இந்த விகிதம் இவ்வளவு மோசம் இல்லை. தாமதமாகக் கண்டுபிடிப்பது ஒரு காரணம். மருந்து இருந்தும் வாங்க முடியாதது இன்னொரு காரணம்.

மெத்தோட்ரெக்ஸேட் இன்று எல்லா மருந்துக் கடையிலும் மலிவாகக் கிடைக்கிறது. உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. புதிய மருந்துகள் அந்த நிலைக்கு இன்னும் வரவில்லை. ஆனால் வழி இருக்கிறது. ட்ராஸ்டுசுமாபுக்கு மாற்றான பயோசிமிலர் மருந்து 2014-இல் இந்தியாவிலேயே தயாராகி விற்பனைக்கு வந்தது. பால்போசிக்லிப்பின் காப்புரிமை 2023-இல் முடிந்ததும் ஜெனரிக் மாத்திரைகள் வந்து விலை இறங்கியது.

ஸ்ப்ரூவுக்கு மருந்து வந்தபோது சுப்பாராவின் சகோதரர்கள் இல்லை. அன்று மருந்தே கண்டுபிடிக்கப்படவில்லை, அதனால் யாரையும் குறை சொல்ல முடியாது. இன்று மருந்து கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அது ஒரு வீட்டுக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், அந்தத் தாமதத்துக்கு அறிவியலைக் காரணம் சொல்ல முடியாது.

கவனிக்க வேண்டியவை

- மார்பகத்தில் வலியில்லாத கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளிழுத்தல், ரத்தக் கசிவு, அக்குளில் கட்டி ஆகியவற்றில் எது தெரிந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். வலி இல்லையே என்று விட்டுவிட வேண்டாம்.
- ஆண்களுக்கும் அரிதாக மார்பகப் புற்றுநோய் வரும்.
- பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்2 ஆகிய மூன்று முடிவுகளும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மருந்துத் தேர்வு இதை வைத்துத்தான்.
- மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர்கள், டாக்டர் சொன்னபடி வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே எடுக்க வேண்டும். தவறுதலாகத் தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகளும் கர்ப்பம் தரிக்கத் திட்டமிடுபவர்களும் இதை எடுக்கக் கூடாது.
- இந்தக் கட்டுரை பொதுவான தகவலுக்கு மட்டுமே. சிகிச்சை முடிவுகளைப் புற்றுநோய் மருத்துவரிடம் பேசி எடுங்கள்.